சோறு வைக்குமுன் எண்ணுங்கள்

கண்டியில், கட்டுக்கலைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருபத்தைந்து வருடமாகக் குடியிருக்கிறேன். கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வருடத்துக்கு நாலைந்து இளம்பிள்ளைகளாவது வந்து கேற்றைத் தட்டுவார்கள். “டீச்சர், எங்கட ரோட்டில பூனை பெருகிப் போச்சு. சாப்பாடு வைக்கிறோம், ஆனா குட்டி குட்டியா வருது. ஒப்பரேஷன் செய்யக் காசும் இல்ல. என்ன செய்யிறது?” எல்லாருக்கும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறேன். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் இப்போது எழுதி வைக்கிறேன். இதில் பாதி, நான் பிழைவிட்டுப் படித்தது.

1. முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள்.

சோறு வைக்கத் தொடங்குமுன் ஒரு கிழமை எண்ணுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே இடம். நிறம், அடையாளம், கடுவனா பெட்டையா, குட்டியா, வயிறு பெருத்திருக்கிறதா, இடது காது நுனி வெட்டுப்பட்டிருக்கிறதா (காரணம் ஏழாவதில்) என்று எழுதுங்கள். கறுப்பு, வெள்ளை, செம்மஞ்சள் மூன்றும் கலந்த பூனை அநேகமாக எப்போதும் பெட்டை. முழுச் செம்மஞ்சள் பெரும்பாலும் கடுவன். தூரத்திலிருந்தே கணக்கெடுக்க இந்த இரண்டும் உதவும்.

எங்கள் சந்தில் பதினொரு பூனை இருப்பதாக நான் நினைத்திருந்தேன். கொப்பி ஏழு என்றது. சாம்பல் நிறப் பெட்டை ஒன்று எங்கள் வீட்டில் ‘மீனாட்சி’, எதிர்வீட்டுச் சிங்கள நோனாவுக்கு ‘சூட்டி’, மூலைவீட்டு உம்மாவுக்கு ‘மின்னு’. மூன்று வீட்டிலும் சாப்பிட்டு, மூன்று வீட்டிலும் பட்டினி கிடந்ததுபோல் முகத்தை வைத்திருந்தது. பதினொன்று என்று நினைத்தபோது கையை விரித்தவள், ஏழு என்றதும் பேனையை எடுத்தேன்.

2. பெட்டையிலிருந்து தொடங்குங்கள்.

பெட்டைப்பூனை நாலைந்து மாதத்திலேயே சூட்டுக்கு வரலாம். கர்ப்பம் ஏறத்தாழ 63 முதல் 65 நாள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைச் சுமக்கவும் கூடும். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனைக்கு இனப்பெருக்கம் ஓயும். பகல் வெளிச்சத்தின் நீளம்தான் அதன் உடம்புக்குக் கடிகாரம். கண்டியோ வடஅகலாங்கு 7 பாகையில் இருக்கிறது. மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. ஆகவே எங்கள் ஊர்ப் பூனைக்கு ஓய்வு மாதம் கிடையாது.

கையில் ஒரு ஒப்பரேஷனுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் அது பெட்டைக்கே போகட்டும். பத்துக் கடுவனில் ஒன்பதுக்குச் செய்துவிட்டாலும், மிஞ்சிய ஒன்று எல்லாப் பெட்டையையும் தேடிப் போய்விடும். கடுவனுக்கும் பிறகு செய்யத்தான் வேண்டும். சண்டையும் காயமும் சுவருக்குச் சுவர் மூத்திர நாற்றமும் அதனால்தான் குறையும். ஒரு சந்தை முடிக்காமல் அடுத்த சந்துக்கு ஓடாதீர்கள். நாலு தெருவில் நாலு பூனைக்குச் செய்துவிட்டுப் போனால், அடுத்த வருடம் வந்து பார்க்கும்போது எந்தத் தெருவிலும் கணக்குக் குறைந்திருக்காது.

3. கொண்டுபோய் விடாதீர்கள்.

குட்டிகளைப் பெட்டியில் போட்டுச் சந்தையிலோ விகாரையிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு வருவது எங்கள் நாட்டில் பழைய வழக்கம். “அங்கே சாப்பாடு கிடைக்கும்தானே” என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். தொடக்கத்தில் நானும் ஒரு தாயையும் மூன்று குட்டிகளையும் அப்படிச் சந்தைப் பக்கம் விட்டேன். மூன்றாம் நாள் மனம் கேளாமல் போய்ப் பார்த்தேன். பெட்டி மட்டும் கிடந்தது. அந்த மாதம் முடியுமுன் எங்கள் சந்தில் அதே மதில்மேல் புதுப் பெட்டை ஒன்று உட்கார்ந்திருந்தது.

சோறும் ஒதுங்க இடமும் உள்ள தெரு வெறுமையாகக் கிடக்காது. ஒன்றை அகற்றினால் வேறொன்று வரும். ஒப்பரேஷன் செய்த பூனை தன் இடத்திலேயே இருந்தால் புதிதாக வருவது குறையும். பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதுதான் உலகம் முழுக்கத் தேறிய வழி. மிருகவதைக்கு எதிரான கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் 1907இலிருந்தே இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

4. சாப்பாட்டுக்கு நேரம் குறியுங்கள்.

ஒரே நேரம், ஒரே இடம், அரை மணித்தியாலம். பிறகு தட்டை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கச் சோறு கிடந்தால் எலி வரும், காகம் வரும், குரங்கு வரும், கடைசியில் அயலவரின் சண்டை வரும். நேரத்துக்குச் சாப்பிடப் பழகிய பூனையைத்தான் பிடிக்கவும் முடியும். சோறுதான் உங்கள் தூண்டில்.

மலிவான சாப்பாடு சொல்கிறேன். சோற்றைக் குழைய வடித்து, நெத்தலியை ஊறவைத்து, உப்புத் தண்ணீரை இரண்டுமுறை கொட்டி, அவித்துப் பிசையுங்கள். மீன்கடையில் தலையும் வாலும் கேட்டால் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அவித்து, பெரிய முள்ளை எடுத்துவிட்டு வையுங்கள். சோறு கொஞ்சம், மீன் அதிகம் இருக்கவேண்டும், ஏனென்றால் பூனை மாமிசம் தின்னும் பிராணி. வெங்காயம், உள்ளி சேர்ந்த கறிச்சோறு வேண்டாம். அவை பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செமிக்காது, வயிற்றோட்டம்தான் மிச்சம். 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலத்தில், “பூனைக்குப் பால் இல்லையே” என்று ஒரு பிள்ளை அழுதாள். அது பூனைக்கு நல்லகாலம் என்றேன். தண்ணீர் போதும்.

போயா தினத்தில் இறைச்சிக்கடை மூடியிருக்கும். முதல்நாளே வாங்கி வையுங்கள். எறும்பு மொய்த்தால் அகன்ற தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் சாப்பாட்டுத் தட்டை வையுங்கள்.

5. விலை கேட்க வெட்கப்படாதீர்கள்.

கண்டிக்காரருக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் உண்டு. நாட்டுக்கே மிருக வைத்தியர்களைப் பயிற்றுவிக்கும் பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனையில், பஸ் ஏறினால் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பிரதேசத்துக்குப் பிரதேசம் அரச மிருக வைத்திய அலுவலகம் இருக்கிறது. விலங்கு நலத்தின் வழியாகச் சமூகத்தைப் பாதுகாப்பது என்ற நோக்கத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் ‘காக்போ’ என்ற கண்டிச் சங்கம், நாய் பூனைகளுக்குக் கருத்தடையும் விசர்நோய்த் தடுப்பூசியும் செய்துவருகிறது. கருத்தடை முகாம் எப்போது, எங்கே என்று இவர்களிடம் முன்கூட்டியே கேட்டுப் பெயர் பதிந்துவையுங்கள்.

தனியார் கிளினிக்குக்குப் போனால் வாசலிலேயே சொல்லுங்கள்: “டொக்டர், இது தெருப்பூனை. ஐந்து இருக்கிறது, ஒவ்வொன்றாகக் கொண்டுவருவேன்.” பலர் விலையைக் குறைப்பார்கள். அந்த விலைக்குள் மயக்க மருந்து, வலி குறைக்கும் ஊசி, தடுப்பூசி எல்லாம் அடங்குமா என்று கேளுங்கள். கரையும் நூலால் தைக்கச் சொல்லுங்கள். தையல் பிரிக்கத் தெருப்பூனையை இரண்டாம் முறை பிடிப்பது நடக்காத காரியம்.

நாங்கள் ஐந்து வீட்டார் சேர்ந்து சீட்டுப் பிடித்தோம். மாதம் ஒரு சிறு தொகை; ஒவ்வொரு மாதமும் ஒரு பூனையின் பெயருக்குச் சீட்டு விழும். ஏழு மாதத்தில் ஏழும் முடிந்தன. பூனையே பிடிக்காத ஒருவரும் சீட்டில் இருந்தார். அவர் கதையைப் பதினோராவதில் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் வேண்டாம். “ஒரு ஊசி போட்டால் குட்டி போடாது, மலிவு” என்று யாராவது சொல்வார்கள். அந்த ஹோர்மோன் ஊசியால் கருப்பையில் சீழ் கட்டுவதும் முலையில் கட்டி வருவதும் உண்டு. மலிவு என்று போட்டு, கடைசியில் சீழ் பிடித்த கருப்பையை எடுக்க இரட்டிப்புச் செலவு செய்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

6. கையால் பிடிக்காதீர்கள், கூட்டைப் பழக்குங்கள்.

வெல்டிங் கடையில் சொன்னால் பெரிய எலிப்பொறி மாதிரியான கம்பிக்கூடு செய்து தருவார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று செய்தால் போதும், தெருத்தெருவாகச் சுற்றும். ஒரு கிழமைக்குக் கூட்டின் கதவைத் திறந்தபடி கட்டிவைத்து, சாப்பாட்டை முதல் நாள் வாசலில், அடுத்த நாள் ஒரு சாண் உள்ளே, பிறகு கடைசி மூலையில் வையுங்கள். பிடிக்கிற நாளில் டின் மீன் ஒரு கரண்டி. அந்த மணத்துக்கு எந்தக் கிழட்டுப் பெட்டையும் தலை நீட்டும். கதவு விழுந்த கணமே கூட்டைக் கட்டித் துணியால் மூடுங்கள். இருட்டானதும் உதறல் அடங்கும்.

கதவைக் கம்பியால் கட்டாமல் ஒருமுறை நான் ஓட்டோவில் ஏறினேன். கெட்டம்பே சந்தியில், மழை நேரம், கூடு சரிந்து கதவு திறந்தது. மீனாட்சி பாய்ந்து சாரதியின் ஆசனத்துக்கடியில் புகுந்துகொண்டாள். பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடிக்க, சாரதித் தம்பி ஆசனத்தைத் தூக்கிப் பிடிக்க, நான் துவாயோடு முழங்காலில் இருந்தேன். அரை மணித்தியாலம். அந்தத் தம்பி மீற்றருக்கு மேல் ஒரு சதமும் கேட்கவில்லை. இன்றுவரை எங்கள் பூனைகளுக்கு அவர்தான் சாரதி. கதவுக்கு இரண்டு இடத்தில் கம்பி, கூட்டின் அடியில் பத்திரிகைத் தாள், சாரதியிடம் முன்கூட்டியே ஒரு சொல். மூன்றையும் மறவாதீர்கள்.

எசல பெரஹரா நாட்களில் திகதி எடுக்காதீர்கள். ரோட்டும் மூடும், கசையடிச் சத்தத்துக்கும் சனத்துக்கும் பூனை எந்தக் கூரைக்குள் ஒளியும் என்று சொல்ல முடியாது.

7. ஒப்பரேஷன் நாளில் மூன்று விஷயம் வாயால் சொல்லுங்கள்.

முதலாவது, சாப்பாடு. வளர்ந்த பூனைக்கு முதல்நாள் இரவோடு நிறுத்தவேண்டும். குட்டிக்கு அவ்வளவு நேரம் பட்டினி ஆகாது, எத்தனை மணி என்று டொக்டரிடம் கேளுங்கள். இரண்டாவது, பால். முலையைச் சுற்றி மயிர் நனைந்து ஒட்டியிருந்தால் எங்கோ குட்டிகள் காத்திருக்கின்றன. அதைச் சொல்லுங்கள், தாயைச் சீக்கிரம் திருப்பிவிடச் செய்வார்கள். மூன்றாவது, காது. மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியை நேராக வெட்டிவிடச் சொல்லுங்கள். ஒப்பரேஷன் முடிந்த பூனை என்பதற்கு அதுதான் பல ஊர்களில் அடையாளம்.

காது வெட்டுவது பாவம் என்று நானும் ஆரம்பத்தில் மறுத்தவள். அடுத்த வருடம் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நான் காது வெட்டவிடாத பூனை ஒன்றைப் பிடித்துக்கொண்டு போக, டொக்டர் வயிற்றைத் திறந்து, உள்ளே கருப்பை இல்லை என்று கண்டு, திரும்பத் தைத்து அனுப்பினார். ஒரு நகக்கண் அளவு காதை வெட்டவிடாததற்கு அந்தப் பூனை இரண்டுமுறை கத்தி வாங்கியது. அதற்குப் பிறகு நான் வாய் திறப்பதில்லை.

8. அன்றிரவு விழித்திருங்கள்.

மயக்கம் தெளியாத பூனைக்குச் சூடும் இருட்டும் அமைதியும் வேண்டும். கண்டியில் தை மாதக் குளிர் தரையில் இறங்கும். கூட்டைச் சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள். போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணியால் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். தள்ளாடாமல் நிற்கும்வரை சாப்பாடு கொடுக்காதீர்கள். பிறகு கொஞ்சமாகக் கொடுங்கள். கடுவனை அடுத்தநாள் காலை விடலாம். பெட்டையை டொக்டர் சொல்லும்வரை, முடிந்தால் இன்னும் ஒரு நாள் கூடுதலாக வைத்திருங்கள். காயம் வீங்கினாலோ நாறினாலோ உடனே கொண்டுபோங்கள். ஒப்பரேஷன் ஆன கடுவன் இன்னும் சில கிழமைக்குக் குட்டி உண்டாக்கக்கூடும். “காசு வீண்” என்று யாரும் கத்தவேண்டாம்.

நோகிறதே என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்குச் சாதாரண மாத்திரை, பூனைக்கு ஒன்றே உயிரைக் குடிக்கும். அதை முறிக்கும் சக்தி அதன் ஈரலுக்கு இல்லை. நாய்க்கு விடும் தெள்ளு மருந்தையும் பூனைமேல் விடாதீர்கள். கூட்டைப் பீனைலால் கழுவாதீர்கள். சவர்க்காரமும் வெயிலும் போதும்.

9. கடி பட்டால் வீரம் காட்டாதீர்கள்.

விசர்நோய், நீர்வெறுப்பு நோய் என்று சொல்வது நாய்க்கு மட்டும் உரியதல்ல. பூனைக்கடியாலும் பிறாண்டலாலும் வரும். வந்தபின் மருந்தில்லை. காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள், தேசிக்காய் எதுவும் வேண்டாம். நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். பூனைக்கு ஒப்பரேஷன் நடக்கும்போதே தடுப்பூசியும் போட்டுவிட்டால், ஒரு மயக்கத்தில் இரண்டு வேலை முடியும். பீ.எச்.ஐ. மாத்தயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) உங்கள் பகுதியில் எப்போது தடுப்பூசி போட வருகிறார் என்று விசாரித்துக் கொப்பியில் குறித்துவையுங்கள்.

10. காட்டோரம் சோறு வைக்காதீர்கள்.

உடவத்த கெலே ஓரத்திலும் ஹந்தானைப் பக்கத்திலும் இருப்பவர்களுக்கு இது. சாப்பாட்டுத் தட்டைக் காட்டு வேலியில் வைத்தால் பூனை காட்டுக்குள் இறங்கும். குருவியும் ஓணானும் அணிலும் அதற்கு விளையாட்டு. தட்டு வீட்டுப் பக்கம் இருக்கட்டும்.

தேயிலைக்குள் கொழுந்தெடுக்கும்போது கிடைக்கும் குட்டி எல்லாம் வீட்டுப்பூனைக் குட்டி என்று தூக்கிவராதீர்கள். முதுகில் துருநிறப் புள்ளி வரிசையாக இருந்தால் அது உலகிலேயே மிகச் சிறிய காட்டுப்பூனை இனங்களில் ஒன்றின் குட்டியாக இருக்கலாம். தாய் இரைக்குப் போயிருக்கும். அந்த இடத்தை விட்டு விலகி நில்லுங்கள். தாய் வரவே இல்லையென்றால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

தோட்டத்து லயத்தில் வேறொரு பயம் உண்டு: “ஒப்பரேஷன் செய்தா எலி புடிக்காதாமே டீச்சர்?” பிடிக்கும். எலியைப் பிடிக்கும் குணம் கருப்பையில் இல்லை. எலிக்காய்ச்சல் உள்ள ஊரில் அந்தப் பயம் நியாயமானது, அதனால் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். பூனையை எந்த நாள் திருப்பிக் கொண்டுவருவோம் என்று சொல்லி, சொன்னபடி கொண்டுவந்து விடுங்கள். ஒருமுறை சொல் தவறினால் அந்த லயத்தில் இன்னொரு பூனையைத் தரமாட்டார்கள்.

11. பூனையை வெறுப்பவரை முதலில் போய்ப் பாருங்கள்.

எங்கள் சந்தில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர். அவருடைய அந்தூரியச் சாடிகளில்தான் எல்லாப் பூனையும் மலம் கழிக்கும். கல்லெறிவார். நான் கருணை, புண்ணியம் என்றெல்லாம் கதைத்துப் பார்த்தேன்; கதவைச் சாத்தினார். பிறகு கொப்பியோடு போனேன். “ஐயா, ஏழு இருக்கிறது. நாலு பெட்டை. ஒன்றும் செய்யாவிட்டால் அடுத்த பெரஹராவுக்கு எத்தனை ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.” போட்டார். வங்கிக்காரர் அல்லவா! கணக்கைப் பார்த்துவிட்டு, “குறையுமென்றால் சீட்டில் என்னையும் சேருங்கள்” என்றார்.

பூனை குறையவேண்டும் என்பதில் அவருக்கும் எனக்கும் சண்டை இல்லை. அவர் வீட்டுச் சாடிகளில் கூழாங்கல் பரப்பிவிட்டு, என் வளவின் மூலையில் மணல் கொட்டினேன். இரவில் கத்தலும் நின்றது. பூனையை அவருக்கு இன்றைக்கும் பிடிக்காது. சீட்டுக் காசை மட்டும் ஒரு மாதமும் பிந்தவிடவில்லை.

12. உங்களால் முடிந்ததை எழுதி, அதன் அடியில் கோடு போடுங்கள்.

உங்கள் வட்டம் எது என்று முடிவு செய்யுங்கள். எனக்கு அது பெரிய ரோட்டுச் சந்தியிலிருந்து மேல்வளைவுவரை. அதற்கு வெளியே ஒரு பூனை என்றால் வழி சொல்வேன், கூடு தருவேன், பொறுப்பெடுக்கமாட்டேன். வீடு நிறையப் பூனையும் கடை நிறையக் கடனுமாக நின்ற நல்ல மனதுக்காரரைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் அவர்களுக்கும் சோறில்லை, பூனைக்கும் சோறில்லை. சில குட்டிகள் சாகும். அதையும் திகதி போட்டுக் கொப்பியில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அது மனதுக்குள் இருந்து அறுக்கும்.

கொப்பியை உங்கள் அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். போன வருடம் நான் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று கிழமையும் உம்மாவின் பேத்திதான் சோறு வைத்தாள். திரும்பி வந்து கொப்பியைப் பார்த்தேன். இருபத்தொரு நாளும் அவள் சின்ன எழுத்தில் பூனைகளின் பெயர். ‘புதுக் குட்டி’ என்ற நிரலில் இருபத்தொரு பூச்சியம். கடைசி நாளில் மட்டும் ஒரு வரி: “புதுசா ஒரு பெட்டை வந்திருக்கு டீச்சர். காது முழுசா இருக்கு. கூட்டை எடுத்து வைக்கவா?”